யாருடைய அழுக்கு?: தாமிரபரணிக் குளங்களும் தன்னார்வமும் குறித்துச் சில குறிப்புகள்

1

ஞாயிற்றுக்கிழமை காலை. குளத்தங்கரையில் நாற்பது ஐம்பது பேர். ஒரே நிறத்தில் பனியன், கையில் உறை, தோளில் சாக்கு. இரண்டு மணி நேரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களும் கேரிபேக்குகளும் கிழிந்த துணிகளும் கரையில் குவிகின்றன. குவியலுக்குப் பின்னால் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ. நெல்லை, பாளையங்கோட்டை வட்டாரத்தில் கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்கமாட்டார். 'நல்ல காரியந்தான செய்யுதாங்க, இதுல எழுதுததுக்கு என்ன இருக்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நல்ல காரியம்தான். அந்த மனிதர்களின் நோக்கத்தைச் சந்தேகிப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. அவர்களுடைய செயல் எந்தச் சொற்களுக்குள் நின்று நடக்கிறது என்பதை வாசித்துப் பார்ப்பதே வேலை. ஏனென்றால் எந்த அழுக்கை எடுக்க வேண்டும், எதைக் காணாமல் விடலாம், யாரைக் கரையிலிருந்து விரட்ட வேண்டும், யாருக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்பதையெல்லாம் பல நேரங்களில் அந்தச் சொற்கள்தான் முடிவு செய்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு மாவட்ட நிர்வாகம் 'தூய பொருநை நெல்லைக்குப் பெருமை' என்றொரு இயக்கம் நடத்தியது. மாணவர்கள், தன்னார்வ அமைப்புகள், அரசு ஊழியர்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அந்தத் தொடரைக் கொஞ்சம் நின்று படிப்போம். 'பொருநை' என்பது பழைய இலக்கியப் பெயர். துணிமூட்டையோடு படித்துறைக்குக் கிளம்புகிற பெண் 'பொருநைக்குப் போய்ட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. 'ஆத்துக்குப் போய்ட்டு வாரேன்' என்றுதான் சொல்வார். ஆக, இந்த வாக்கியத்துக்குள் நுழைந்த உடனேயே புழங்குகிற ஆறு விலகி, பெருமைக்குரிய ஒரு நினைவுச் சின்னம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்து, 'தூய'. தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. கழிவும் கிருமியும் இல்லாத நிலை ஒன்று. தீட்டு இல்லாத நிலை, அதாவது புனிதம், மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல என்பது பாபநாசத்துக்குப் போனால் தெரியும். பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே அவிழ்த்து விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். பாவம் துணியோடு போகிறது. ஊரின் பெயரே அதைத்தான் சொல்கிறது. 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதென்று சொல்லி 2018 அக்டோபரில் நடந்த மகா புஷ்கரத்தில் லட்சக்கணக்கானவர்கள் தாமிரபரணியின் படித்துறைகளில் முழுகினார்கள். துணியை விடுகிறவரைப் பொறுத்தவரை அவர் ஆற்றை அசுத்தப்படுத்தவே இல்லை. அசுத்தத்தை வாங்கிக்கொண்டு தூய்மையைத் திருப்பித் தருவதுதான் ஆற்றின் வேலை. ஒரு சமூகம் தன் ஒழுங்கை எப்படி வகுத்துக்கொள்கிறதோ அதைப் பொறுத்தே எது அழுக்கு என்பதும் தீர்மானமாகிறது என்ற மானிடவியலாளர் மேரி டக்ளஸின் 1966ஆம் வருஷத்து வாதத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் கிடைக்கிறது.

பிறகு தன்னார்வலர்கள் வந்து அந்த ஈரத்துணிகளைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே எடுக்கிறார்கள். துணியை விட்டவரும் எடுத்தவரும் தங்கள் செயலை விளக்கப் பயன்படுத்துவது ஒரே சொல்: தூய்மை. இந்தக் குழப்பத்தை யாரும் அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் பக்தியோடு மோத வேண்டிவரும். மோதாமல் காரியம் நடக்க வேண்டுமானால் துணியை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

2

துணி கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. நீரின் தரம் என்று விஞ்ஞானம் எதைச் சொல்கிறதோ அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டைக் கொண்டு வகுத்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத்தக்கது 'ஏ' வகுப்பு: 100 மில்லி நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியா 50க்கு மேல் போகக்கூடாது. இறங்கிக் குளிக்கத்தக்கது 'பி': 500 வரை. முறையாகச் சுத்திகரித்த பிறகு குடிக்கத்தக்கது 'சி': 5000 வரை. கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு முறையே 6, 5, 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நகரத்துக் குழாய்க்குப் போகிற நீரைவிட, இறங்கிக் குளிக்கிற நீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறது அரசின் சொந்த அளவுகோல். காரணம் எளிமையானது. குழாய் வைத்திருப்பவருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. படித்துறையில் குளிப்பவருக்கும் ஆற்றுக்கும் நடுவே எதுவும் இல்லை. வாயில் போகிறது, கண்ணில் போகிறது, காலில் உள்ள புண்ணில் போகிறது. வீட்டில் குளியலறை இல்லாதவர், துவைப்பதற்குக் குளத்துக்குப் போகிறவர், மாட்டைக் குளிப்பாட்டுகிறவர், வலை வீசுகிறவர் - இவர்களுக்குத்தான் நல்ல தண்ணீரின் தேவை மற்ற எல்லோரையும்விட அதிகம்.

ஆனால் நமது சுத்தச் சொல்லாடலில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்? குற்றவாளிக் கூண்டில். 'சோப்புப் போட்டுக் குளிக்காதீர்', 'துணி துவைக்காதீர்', 'கால்நடைகளைக் குளிப்பாட்டாதீர்' என்று கரையில் போர்டு. சோப்பு நுரை மிதப்பது தெரிகிறது, துவைக்கிற கை தெரிகிறது. வீட்டுக்குள் ஒருவர் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிடுவது யாருக்கும் தெரிவதில்லை. அந்தத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போய், சாக்கடை கால்வாய்க்குப் போய், கால்வாய் குளத்துக்குப் போய்ச் சேர்கிற இடத்தில் எந்த போர்டும் கிடையாது.

இதற்கு நயினார்குளத்தைவிடப் பொருத்தமான பாடம் வேண்டியதில்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய் டவுனைத் தொட்டு வந்து நிறைக்கிற குளம் அது. வருகிற வழியிலேயே நகரத்தின் கழிவுநீர் அதில் இறங்குகிறது. பாளையங்கால்வாயின் கதையும் இதுவே; மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் பல இடங்களில் அதைக் கால்வாய் என்று சொல்வதற்கு நாக்கு கூசும். கழிவுநீர் என்றால் நைட்ரஜனும் பாஸ்பரஸும். அதாவது உரம். இந்த உரத்தைத் தின்று வளர்வதுதான் ஊரில் அமலைச்செடி என்று சொல்கிற ஆகாயத்தாமரை. சூடும் சத்தும் தோதாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அது இரட்டிப்பாகிவிடும். மேலே செடி மூடுகிறது, உள்ளே வெளிச்சம் போவதில்லை, மக்கியது அடியில் அழுகுகிறது, ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கிறது.

தன்னார்வலர்கள் வந்து செடியை அள்ளுகிறார்கள். அள்ளிய செடியோடு கொஞ்சம் சத்தும் வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது மக்கிக் குளத்துக்கே திரும்பிவிடும். அதைக் கொண்டுபோய் வயலில் போட்டாலும், கால்வாய் வழியே சாக்கடை வந்துகொண்டிருக்கிற வரையில் ஒரு மாதத்தில் குளம் மறுபடியும் பச்சை. மறுபடியும் பனியன், சாக்கு, போட்டோ. பாதாளச் சாக்கடைத் திட்டம் நெடுங்காலமாகக் கட்டம் கட்டமாக நடந்துகொண்டிருக்கிறது. குளம் அதுவரைக்கும் காத்திருக்கவா செய்யும்?

அமலைச்செடியைக் குற்றம் சொல்வது வசதியானது. செடிக்குச் சாதியில்லை, ஓட்டில்லை, வீட்டு வரி ரசீது இல்லை. கழிவுநீரைச் சொன்னால் அது நம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து நிற்கும். செடியை அள்ளுகிறவர், அவரைப் பாராட்டுகிறவர், செய்தி போடுகிறவர், இதை எழுதுகிறவன் - எல்லோருடைய கழிவும் அதில் இருக்கிறது. 'குளத்தைச் சுத்தம் செய்கிறோம்' என்ற வாக்கியத்தில் எழுவாய் நாம்தான். 'குளத்தை அசுத்தம் செய்கிறோம்' என்ற வாக்கியத்தின் எழுவாயும் நாம்தான். முதல் வாக்கியம் பேனரில் வருகிறது. இரண்டாவது வருவதில்லை.

3

இங்கே வழக்கமாக ஒரு பழங்கதை கொண்டுவரப்படும். 'அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு? ஊர்க்காரங்களே கூடி மராமத்து பாத்தாங்க, கரம்பை அள்ளுனாங்க, கால்வாய் வெட்டுனாங்க. குடிமராமத்துன்னு பேரு. அதெல்லாம் போச்சு.' இன்றைய தன்னார்வம் அந்த மரபின் தொடர்ச்சி என்று மேடைகளில் சொல்கிறார்கள். 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளோடு தமிழக அரசு தொடங்கிய திட்டத்துக்கும் குடிமராமத்து என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த ஏக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது. குளக்கரை, கால்வாய்க் கரை உடைகிற ஆபத்து நேரத்தில் ஊர்க்காரர்களை வேலைக்கு இழுக்கவும், வழக்கமான மராமத்துக்கு ஆள் கொடுக்காதவரைத் தண்டிக்கவும் அது வழிசெய்தது. மனமுவந்து கூடிச் செய்கிற வேலைக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு? சட்டத்தின் பெயரே ஏதோ சொல்கிறது.

தாமிரபரணிப் பாசனத்தையே எடுத்துக்கொள்வோம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள், அவை நிறைக்கும் குளங்கள், காரும் பிசானமும் விளைகிற சுமார் 86,000 ஏக்கர். இதை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் இந்த நன்செய்ப் பகுதியில் நிலம் யாரிடம் இருந்தது, சேற்றில் யார் இறங்கினார்கள் என்பதை டேவிட் லட்டன் 1985இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். நிலமும் நீரும் பெருமளவு பிராமணர், வேளாளர் கையில். உழைப்பு பள்ளர், பறையர் முதுகில். இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட நூல், கிராம சமுதாயம் ஒற்றுமையாகக் குளம் காத்தது என்ற சித்திரமே பின்னால் கட்டப்பட்ட ஒன்று என்கிறது. குளம் அதிகாரத்தோடும் முதல் மரியாதையோடும் பின்னிக் கிடந்தது என்று காட்டுகிறது.

வெள்ளைக்காரர் நூல்களை விடுங்கள். முக்கூடற்பள்ளு நம் கையில் இருக்கிறது. சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிற சீவலப்பேரிப் பக்கத்து நிலம்தான் அதன் களம். மழை, வெள்ளம், மீன் வகை, நெல் வகை, மாட்டு வகை என்று ஆற்றின் செழிப்பை அடுக்குகிற அதே பிரதியில், பண்ணைக்காரனிடம் குற்றவாளியாகி நின்று தொழுவில் மாட்டப்படுகிறான் குடும்பன். நமது நீர்நிலை ஆர்வலர்கள் அந்தப் பிரதியின் முன்பாதியை மட்டும் வாசிக்கிறார்கள். வெள்ளம் பெருமையாகிறது, தொழுமரம் காணாமல் போகிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது? 'தன்னார்வலர்' என்ற சொல்லின் பாதியை மறைத்துவிட்டால் அதன் அர்த்தம் விளங்காது. மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் அன்றாடம் அதே கால்வாயில் இறங்குகிறார். அவருக்குத் தன்னார்வலர் என்ற பெயர் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு இறங்குபவருக்கு அது தியாகம். தினமும் இறங்குபவருக்கு அது 'வேலை'. மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் (2017) அந்த முகங்களை நேராகக் காட்டியது. யார் விரும்பி இறங்குகிறார்கள், யார் இறக்கப்படுகிறார்கள் என்ற வேறுபாட்டைச் சாதியைத் தவிர்த்துவிட்டு விளக்க முடியுமா? கையுறை போட்டுக் குப்பை பொறுக்குவதால் ஒரு மத்தியதர வர்க்க இளைஞரின் தீட்டு பற்றிய கூச்சம் கொஞ்சம் கரையலாம். அது சிறு விஷயமல்ல, வரவேற்போம். ஆனால் போட்டோவில் அவர் பக்கத்தில் அந்தப் பணியாளர் நிற்கிறாரா? இந்தக் கால்வாயில் எந்த வீட்டுக் குழாய் இறங்குகிறது என்பதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கும் அமைப்புகள் அபூர்வம்.

4

'சரிப்பா, எல்லாத்தையும் கிழிச்சாச்சு. அப்போ ஒண்ணும் செய்யாம வீட்டுல கெடக்கணுமா?'

நியாயமான கேள்வி. விமர்சனம் என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடக்கூடாது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே இன்னொரு வகைத் தன்னார்வமும் இருக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரி மாதம், பொங்கலை ஒட்டிய நாட்களில், கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் பறவை ஆர்வலர்களும் சிறு குழுக்களாகப் பிரிந்து குளம் குளமாகப் போகிறார்கள். அவர்கள் எதையும் அள்ளுவதில்லை. தொலைநோக்கி, நோட்டு, பேனா. எந்தக் குளம், எத்தனை பறவை, என்ன வகை, தண்ணீர் எவ்வளவு, குப்பை கொட்டுகிறார்களா, ஆக்கிரமிப்பு உண்டா என்று குறிக்கிறார்கள். அடுத்த வருஷம் அதே குளத்துக்கு மறுபடியும் போகிறார்கள்.

சுத்தம் செய்வதற்கும் கணக்கெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் காலத்தைப் பற்றியது என்று தோன்றுகிறது. சுத்தம் செய்கிற போட்டோவுக்கு இரண்டு தருணங்கள்தான்: முன்பு, பின்பு. பிறகு கதை முடிந்துவிடுகிறது. கணக்கெடுப்புக்கு முடிவு கிடையாது. ஒரு வருஷத்துப் பட்டியலுக்குத் தனியாக அர்த்தமில்லை. பத்து வருஷத்துப் பட்டியல் ஒரு சாட்சியம். நேற்று வரைக்கும் பறவை இருந்த குளத்தில் இன்றைக்கு இல்லையென்றால் 'ஏன்?' என்ற கேள்வி தானாக வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் யாரோ ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

இதிலும் சிக்கல்கள் உண்டு. பறவை நிறைய இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. நெடுங்கால் உள்ளான் சாக்கடைக் குட்டையிலும் கூட்டமாக நின்று மேயும். கூந்தன்குளத்தில் நிலைமை இன்னும் சுவாரஸ்யமானது. கூழைக்கடாவும் வர்ண நாரையும் வந்து கூடுகட்டும் அந்த ஊர்க் குளம் 1994இல் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் பட்டியலிலும் ஆனது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளை வீட்டு மரத்தில் கூடுகட்ட விட்டார்கள், வெடி போடாமல் இருந்தார்கள். பறவை எச்சம் கரைந்த குளத்து நீரும் கரம்பையும் அவர்களுக்கு வயலுக்கான உரம். வாரியத்தின் 'ஏ' வகுப்புக் கண்ணோடு பார்த்தால் எச்சம் கரைந்த நீர் தேறாது. வயலின் கண்ணோடு பார்த்தால் அது செல்வம். நயினார்குளத்தில் நைட்ரஜன் நோயாகிறது, கூந்தன்குளத்தில் பயிராகிறது. எது கழிவு என்பது அது எங்கே போகிறது, அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வெளிநாட்டு உதாரணங்களைப் பார்க்கும்போதும் இந்த நிதானம் வேண்டும். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி, தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துத் தெளிவை அளந்தார். 1994 முதல் வட அமெரிக்காவில் ஏரிக்கரைத் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் அதே வகைத் தட்டை இறக்கி அளவுகளைத் தொகுக்கிறார்கள். சாதாரண ஆள் கையில் விஞ்ஞானம் வருவது நல்லதுதான். ஆனால் நமது குளம் அவர்களுடைய ஏரியல்ல. மழை வெள்ளம் வண்டலோடு வந்தால் குளம் கலங்கித்தான் கிடக்கும். கலங்கல் அதன் ஆரோக்கியம். மாசி, பங்குனியில் வற்றும். வற்றிய மடியில் ஆடு மாடு மேயும், கரம்பை எடுப்பார்கள். வற்றாத, தெளிந்த, சுற்றிலும் நடைபாதை போட்ட 'லேக்' ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு குளத்தைச் சீரமைத்தால் மிஞ்சுவது ஒரு பூங்கா. மடை இருக்கும், பாய்ச்ச வயல் இருக்காது. திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. ஊருக்குள் மிஞ்சிய குளங்களை நகரம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதுவே போதும்.

நமக்குத் தோதான கருவிகளும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி நம் நாட்டில் உருவாகி 1980களிலிருந்து புழங்குவது, விலையும் குறைவு. குறித்த அளவு தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி கலந்த நீர் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். எண்ணிக்கை சொல்லாது, உண்டு, இல்லை என்பதைச் சொல்லும். மடைக்கு ஒன்று, கால்வாய் குளத்தில் விழுகிற இடத்துக்கு ஒன்று, ஊருக்கு மேலே கால்வாயில் ஒன்று என்று மாதாமாதம் மூன்று குப்பி வைத்துப் பாருங்கள். எந்த இடத்துக்குப் பிறகு கறுக்கிறது என்று தெரிந்தால், அந்த இடத்தில் எந்தக் குழாய் இறங்குகிறது என்று தேடலாம். இது அமலைச்செடி அள்ளுவதைவிடச் சின்ன வேலை, ஆனால் ஆபத்தான வேலை. குழாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

ஆற்றின் வரலாற்றில் பலித்தவையெல்லாம் இந்த வகைச் சாட்சியங்களே. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக ஆர். நல்லகண்ணு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை வந்தது. ஆற்றில் கழிவுநீர் கலப்பதற்கு எதிராக எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு வழக்குத் தொடுத்தார். 2024 நவம்பரில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி. புகழேந்தி இருவரும் நேரிலேயே வந்து பார்த்தார்கள். நீதிமன்றம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற மயக்கம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது, இவர்கள் கேட்ட கேள்வி எந்த இடத்திலிருந்து வந்தது என்பது. யார் அள்ளுகிறார்கள், யார் விடுகிறார்கள், யார் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். துடைப்பத்தால் இதைக் கேட்க முடியாது.

5

படித்துறையில் நிற்பவரைக் குற்றவாளியாக்குகிற பேச்சைப் பற்றி மேலே சொன்னேன். இதற்கு இந்த ஆற்றில் ஒரு முன்கதை உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுத் தாமிரபரணியின் தூய்மையைப் பேச முடியாது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஓட இடமில்லாமல் ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படத்துக்கு 'நதியின் மரணம்' என்று பெயர். வருஷந்தோறும் அந்த நாளில் அதே இடத்தில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள்.

ஆற்றங்கரையில் நிற்பதற்கு யாருக்கு உரிமை என்ற கேள்வி நமக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. குடியிருப்பை அகற்று, துவைகல்லை அகற்று, மாட்டை அகற்று என்று தூய்மையின் பெயரால் ஒரு பட்டியல் தயாராகும்போது, அந்தப் பட்டியலில் முதலில் வருகிற மனிதர் யார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. மலர் தூவுகிறவர்களும் நீரில் எதையோ போடுகிறார்கள் என்று ஒரு நாள் யாராவது ஆட்சேபிக்கலாம். அன்றைக்கு நாம் எந்தத் தூய்மையின் பக்கம் நிற்போம்?

தன்னார்வலர்களை நோக்கிச் சொல்ல நினைப்பது இதுதான். குப்பை பொறுக்குவதை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு குளத்துக்குப் போவதைவிட ஒரே குளத்தில் ஐந்து வருஷம் இருந்து பாருங்கள். கமிட்டியில் கடைமடை விவசாயி, துவைக்கிற தொழிலாளி, மீன்பாசி எடுத்தவர், தூய்மைப் பணியாளர் இருக்கட்டும். குப்பி கறுத்ததா இல்லையா என்பதை மாதாமாதம் தேதி போட்டு மடைப்பக்கச் சுவரில், எல்லோரும் படிக்கிற தமிழில், எழுதிவையுங்கள். அதே குளத்துக்கு வருகிற கால்வாயைக் காலையில் ஒருநாள் நடந்து, இறங்குகிற குழாய்களை எண்ணி அதையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் வீட்டுக் குழாயும் அதில் ஒன்றாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.